மூடி மாறிய தட்டுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த துறைத்தலைவிகூட, அவசரம் என்று வந்துவிட்டால், "அக்காவைக் கூப்பிடுங்க" என்பார். பதினோரு வருஷமாக அங்கே உதவியாளர் வேலை. பாக்டீரியாவுக்கு உணவுக் கரைசல் காய்ச்சுவது, கிருமி போக நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவில் அதை ஏற்றி இறக்குவது, தட்டுகளில் ஊற்றி இறுக வைப்பது, குடுவை கழுவுவது, எந்த ஃப்ரீசரில் எந்தப் பெட்டி எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வது, எல்லாம் அவள் பாடு. ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், நாலைந்து வருஷம் மல்லுக்கட்டுவார்கள், பட்டத்தோடு போய்விடுவார்கள். அவள் அங்கேயே இருப்பாள். அவள் ஊற்றிய தட்டில் பூஞ்சை வந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது அங்கே நாலாவது வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் நெட்டை. குளிர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டதால் வந்த பெயர். யாரோ அந்த நிலையில் பஞ்சு ஒட்டிவைத்தார்கள். அதற்கப்புறமும் இடித்துக்கொண்டான், சத்தம் மட்டும் குறைந்தது.

பாக்டீரியாவுக்குள் வேறோர் உயிரின் மரபணுவைப் புகுத்தி, பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செய்ய வைப்பது அந்தக் கூடத்தில் அன்றாடம் நடக்கிற காரியம். ஊதா விளக்கைக் காட்டினால் குடுவை முழுக்கப் பச்சை தகதகக்கும். ஆனால் அந்தப் புரதத்துக்கு ஒரு குறை. புளிப்பு ஏறினால் ஒளி அணைந்துவிடும். உடம்பின் செல்லுக்குள் அமிலம் நிறைந்த மூலைகள் உண்டு. அங்கே நடப்பதைப் பார்க்க அமிலத்திலும் அணையாத விளக்கு வேண்டும். புரதத்தின் எந்தெந்த இடத்தில் எதை மாற்றினால் அப்படி ஒன்று கிடைக்கும் என்று நெட்டை கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பாக்டீரியாதான் முரண்டு பிடித்தது. அவன் கேட்ட புரதத்தைச் செய்யும், செய்த கையோடு கட்டிகட்டியாகச் சுருட்டிப் போட்டுவிடும். கட்டியான புரதம் கரையவும் கரையாது, ஒளிரவும் ஒளிராது. ஆறு வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டான். ஆறும் கட்டிதான்.

"இது ஏழாவது அக்கா," என்றான் ஒரு திங்கட்கிழமை, மரபணு இருந்த சின்னக் குழாயை அவள் முகத்துக்கு நேரே ஆட்டி. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா மூட்டை கட்டிடுவேன். எங்க மாமா டைல்ஸ் கடையைப் பாத்துக்க வான்னு கூப்பிட்டுட்டே இருக்கார்."

மாமா என்றால் அவனுடைய உடன்பிறந்த அக்காவின் கணவர்.

"நீ டைல்ஸ் வித்தா உயரத்துல இருக்கறதை எடுக்க ஏணி வேண்டாம்," என்றாள் அவள். அவன் சிரித்தான். சிரித்த முகத்தில் தூக்கம் இல்லாத கண்கள்.

அன்று சாயங்காலம் அவள் புதிதாகத் தட்டுகள் ஊற்றினாள். இரண்டு தட்டுகள் உடனே தேவைப்பட்டன. ஒன்று நெட்டையின் ஏழாவது வடிவத்துக்கு. இன்னொன்று கீழ்த்தளத்தில் இளநிலை மாணவர்கள் செய்முறை வகுப்பில் பயன்படுத்தும் சாதாரணப் பச்சைக்கு. பெயரைத் தட்டின் அடிப்பக்கத்தில் எழுத வேண்டும், மூடியில் எழுதவே கூடாது என்பது அங்கே பாலபாடம். மூடி கழலும், மாறும். புதிதாகச் சேர்கிற எல்லாரிடமும் முதல் நாளே அதைச் சொல்பவள் அவள்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். தட்டுகள் நிமிர்ந்து கிடந்தன, பேனா கையில் இருந்தது, மூடியிலேயே எழுதிவிட்டாள். நெட்டை தன் தட்டில் தன் பாக்டீரியாவைத் தடவினான். செய்முறைத் தட்டில் அவள் தடவினாள். இரண்டையும் கதகதப்பான பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தன. புரதம் செய்யத் தூண்டும் மருந்தைக் கலக்கும்வரை எந்தப் பாக்டீரியாவும் ஒளியைக் காட்டாது. புள்ளியைப் பார்த்து எது எவருடையது என்று சொல்ல முடியாது. அவள் இரண்டையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் நடந்தபோது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. மகளின் பள்ளிக்கூடம். இடது கையால் அதை உருவிக் காதில் வைத்தாள். பிள்ளை படியில் விழுந்துவிட்டாள், தாடையில் அடி, ரத்தம் நிற்கவில்லை, உடனே வாருங்கள் என்றது ஒரு குரல். தட்டுகள் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தன. உடையவில்லை. மூடி இரண்டும் கழன்று ஆளுக்கொரு பக்கம் உருண்டன.

அவள் ஒரு மூடியை எடுத்தாள். எந்தத் தட்டுக்கு? இடப்பக்கம் கிடந்தது இடப்பக்கத் தட்டுக்கு என்று ஒரு யோசனை. விழும்போது ஒன்றையொன்று தாண்டியிருந்தால் என்று இன்னொரு யோசனை. நின்று யோசிக்க நேரமில்லை. மூடினாள், ஃப்ரிட்ஜில் வைத்தாள், ஓடினாள். மகளுக்கு மூன்று தையல் போட்டார்கள். அன்றும் மறுநாளும் அவள் விடுப்பு.

வியாழக்கிழமை காலையில் அவள் வந்தபோது கூடத்தில் ஒரே களேபரமாக இருந்தது. நெட்டையைச் சுற்றி நாலு பேர். இயந்திரத்தில் சுழற்றியெடுத்து அவன் கையில் வைத்திருந்த குழாயின் அடியில் பாக்டீரியா படிந்திருந்தது. விளக்கே தேவைப்படவில்லை. பகல் வெளிச்சத்திலேயே கிளிப்பச்சை.

"அக்கா, ஏழாவது," என்றான். குழாயை அவள் பக்கம் நீட்டினான்.

பாக்டீரியாவை உடைத்து, மறுபடி வேகமாகச் சுழற்றினான். ஆறு தடவையும் இந்த இடத்தில்தான் அவன் முகம் தொங்கிப்போகும். கட்டியெல்லாம் அடியில் இறங்கி, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். இந்தத் தடவை மேலே நின்ற நீரே பச்சை. அதை நிக்கல் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழலில் ஊற்றினான். மற்ற புரதங்களெல்லாம் வழிந்து போக, பச்சை மட்டும் மணிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக நின்றது. கழுவினான். வளையம் அசையவில்லை. கடைசியில் விடுவிக்கும் கரைசலை ஊற்றியதும் வளையம் மெல்ல நகர்ந்து, சொட்டுச் சொட்டாகக் குழாய்களில் இறங்கியது. துறைத்தலைவி அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். எதற்கும் சட்டென்று பாராட்டாதவர். "சரி, பாக்டீரியாவை உறைய வச்சு எடுத்து வை. இன்னும் ரெண்டு தடவை செஞ்சு காட்டு," என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தோள் எட்டவில்லை, முழங்கைக்கு மேலே தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவன் அம்மா வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்குச் செய்முறை வகுப்பு ஆசிரியை மாடியேறி வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப் பெண்.

"அக்கா, ஒரு சங்கடம். முப்பத்திரண்டு டியூப். ஒண்ணுகூட ஒளிரல. எல்லாம் சாதாரணமாத்தான் வளர்ந்திருக்கு. ஆனா பச்சைங்கறதே இல்ல. பசங்க என்னைப் பாக்கறாங்க, நான் அவங்களைப் பாக்கறேன்."

அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. மூடிகள் உருண்ட மேஜை, இடப்பக்கம் வலப்பக்கம் என்று தடுமாறிய கை, எல்லாம் கண்ணெதிரே வந்து நின்றன. பத்தடி தள்ளி நெட்டை குழாய்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான், சீட்டியடித்துக்கொண்டே.

"விளக்கு பழசு டீச்சர்," என்றாள்.

"விளக்கு நல்லா இருக்கே. காகிதமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"அப்போ அந்தத் தூண்டற மருந்து பழசா இருக்கும். போன வருஷத்து பாட்டில்."

ஆசிரியை தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். "நான்தான் பாத்திருக்கணும். சரி, 'முடிவு கிடைக்கவில்லை'ன்னு எழுதச் சொல்லிடறேன். அந்தப் பகுதிக்கு மார்க் போட முடியாது, பாவம்." கையிலிருந்த தட்டை நீட்டினார். "இதைக் கழிவுல போட்டுடுங்க."

அவள் அதைக் கழிவில் போடவில்லை. அலுமினியத் தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜின் கீழடுக்கில், யாரும் தொடாத பழைய பாட்டில்களுக்குப் பின்னால் செருகினாள். நெட்டையின் உண்மையான ஏழாவது அங்கே இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். மறுநாள் காலை, கழுவிய குடுவைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு அவள் வராந்தாவில் திரும்பியபோது நெட்டை ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமா, கோவிச்சுக்காதீங்க. கடைக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க. எனக்கு வேலை கைகூடி வந்துடுச்சு... ஆமா, உறுதியாத்தான் சொல்றேன். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. அவன் திரும்பி, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். வாயைத் திறக்க அதுதான் நேரம். இரு, வைத்துவிடாதே, உன் மாமாவிடம் இன்னும் ஒரு நாள் கேள் என்று சொல்லியிருக்கலாம். அவளும் கட்டைவிரலை உயர்த்தினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சொல்வது ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டே போனது. அவன் இரண்டு தடவை செய்து காட்டினான். இரண்டு தடவையும் பச்சை வந்தது. வராமல் என்ன, உறைய வைத்த பாக்டீரியா எல்லாமே அந்த ஒரே தட்டிலிருந்து வந்தவை. பாக்டீரியாவுக்குள் போடுவதற்கு முன்னால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்திருந்தான். அப்புறம் எதற்கு மறுபடி என்று விட்டுவிட்டான்.

இரண்டாவது வாரம் அமிலச் சோதனை தொடங்கியது. வரிசையாகக் குழாய்கள், ஒன்றைவிட ஒன்று புளிப்பு கூட. முதல் நாலு குழாயில் பச்சை. ஐந்தாவதில் மங்கல். ஆறாவதில் ஒன்றுமில்லை. சாதாரணப் பச்சை எந்த இடத்தில் அணையுமோ அதே இடத்தில் அணைந்தது. அணையாமல் என்ன செய்யும், அது சாதாரணப் பச்சைதானே.

நெட்டைக்கு அது தெரியாது. கரைசலில் கோளாறு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தான். அதே முடிவு. அமிலமானியில் கோளாறு என்றான்.

"அக்கா, இந்த மீட்டரைக் கொஞ்சம் சரி பாத்துத் தர்றீங்களா? உங்க கைப்பட்டா சரியாயிடும்."

அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு போய், அதன் முனையைக் கழுவி, மூன்று கரைசலில் மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தே முக்கால் மணி நேரம் அளந்தாள். "சரியாத்தான் இருக்குப்பா," என்று கொண்டுவந்து கொடுத்தபோது அவன், "தேங்க்ஸ் அக்கா, நீங்க ஒருத்தர்தான் எனக்குப் பக்கபலம்," என்றான். அவள் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. சாயங்காலம் அவர் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

"நீ வேணும்னா செஞ்ச?" என்றார் அவர்.

"இல்ல."

"அப்போ விடு. வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை உன்னுது. நீயா போய்த் தலையைக் கொடுக்காதே. அந்தப் பையன் படிச்சவன், அவனே கண்டுபிடிப்பான்."

"அவன் கண்டுபிடிக்க மாட்டான். அவன் என் மேல சந்தேகமே படமாட்டான். அதான் கஷ்டம்."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிடுகிற மனிதர். அதை அவரும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மறுபடி பொத்தானுக்கே திரும்பினார். தாடையில் பிளாஸ்திரியோடு மகள் வந்து, "என்னம்மா, வெங்காயமா?" என்றாள். "ஆமா," என்றாள் அவள்.

நாலாவது வார முடிவில், வாராந்திரக் கூட்டத்தில், துறைத்தலைவி நெட்டையின் படங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"புரதம் நல்லா வருது. கரையுது. ஒளிருது. ஆனா அமிலத்துல சாதாரணப் பச்சைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அப்போ என்ன அர்த்தம்? உன் கணக்கே தப்புன்னு அர்த்தம். மூணு வருஷமா நானும் அதை நம்பினேன். வருத்தமாத்தான் இருக்கு."

நெட்டை மறுத்துப் பேசுவான் என்று அக்கா எதிர்பார்த்தாள். சுவரோரம் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. "ஆமா மேடம், எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றான்.

அவள் மீதிக் கோப்பைகளை அடுக்கினாள். ஒரு சோதனையிலும் உட்காராத கணக்கு அது. அதைத் தப்பு என்று தீர்ப்பெழுதியாகிவிட்டது, பெற்றவனே ஒப்புக்கொண்டும்விட்டான்.

அடுத்த புதன்கிழமை அவள் குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது நெட்டை ஃப்ரீசர் பெட்டிகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பெட்டி மேலும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"ஒப்படைச்சுட்டுப் போறேன் அக்கா. அடுத்து வர்றவங்களுக்குக் குழப்பம் இருக்கக் கூடாதுல்ல. இந்த மாசக் கடைசியோட சரி."

"டைல்ஸ் கடைக்கா?"

"அங்க வேற ஆள் வந்தாச்சு. மாமா பேசறதே இல்ல. எங்க அக்காதான் ஏதாவது பாக்கறேன்னு சொல்லியிருக்கா." சீட்டை ஒட்டி, விரலால் நீவினான். "நான் முட்டாள்தனமா ஆடிட்டேன். கொஞ்சம் பொறுத்து அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அவள் அவனெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எங்கயும் போகாதே. உன் கணக்குல தப்பு இல்ல. நீ சோதிச்சது உன் புரதமே இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் சொன்னாள். மூடியில் எழுதியது, போன் வந்தது, விழுந்தது, மூடியது, ஓடியது. முப்பத்திரண்டு குழாய்கள். தாளில் சுற்றிய தட்டு. எங்கேயும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம்.

அவன் கையிலிருந்த சீட்டைப் பெட்டி மேல் வைத்தான்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. அந்த வியாழக்கிழமை மத்தியானமே."

"நான் மாமாகிட்ட பேசினது வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"நீங்க வராந்தாவுல நின்னீங்க."

"ஆமாப்பா."

"கட்டைவிரலைக் காட்டினீங்க."

அவன் குரலை உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவன் உயர்த்தவில்லை. "மீட்டரை வேற சரி பாத்துக் குடுத்தீங்க," என்றான் மெதுவாக, ஒரு பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்ப்பது போல. பிறகு எழுந்தான்.

"நானும் ஒரு தடவை மரபணுவைப் படிச்சுப் பாத்திருக்கணும்."

"அதைச் சொல்லாதே. உன் தப்பு இதுல ஒண்ணும் இல்ல."

"இருக்கு. ஆனா நீங்க ஊத்தின பிளேட்ங்கறதால பாக்கல." ஃப்ரிட்ஜைக் காட்டினான். "எங்க இருக்கு அது?"

எடுத்துக் கொடுத்தாள். தாளைப் பிரித்தான். ஓரங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன, ஆனால் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

அவள் நேரே துறைத்தலைவியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"தட்டு கைதவறி விழறது எனக்கும் நடந்திருக்கு," என்றார் கடைசியில். "அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அஞ்சு வாரமா மறைச்சீங்க. கூட்டத்துல நான் அவனை அப்படிச் சொன்னப்போ நீங்க அந்தச் சுவரோரமா நின்னுட்டு இருந்தீங்க. என் வாயாலயும் ஒரு அநியாயத்தைச் சொல்ல வச்சுட்டீங்க."

"எந்தத் தண்டனைன்னாலும் சரி மேடம்."

"தண்டனை குடுக்க நான் யாரு. ஆனா பாக்டீரியா, தட்டு, இதெல்லாம் இப்போதைக்கு நீங்க தொட வேண்டாம். கழுவற அறையைப் பாத்துக்கோங்க. அப்புறம் பாக்கலாம்."

வேலை போகவில்லை. வீட்டுக்காரர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். அவளுக்குத்தான் போயிருந்தாலும் தேவலை என்று இருந்தது.

மறுநாள் கீழ்த்தளத்துக்கு இறங்கி ஆசிரியையிடம் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து போனது. "மார்க் எல்லாம் மேல போயிடுச்சு அக்கா. ரெண்டு பேர் அந்தப் பகுதியாலதான் தேறல. எனக்கும் எழுத்துல விளக்கம் கேட்டிருந்தாங்க. பழைய மருந்தைப் பயன்படுத்தினேன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்." பிறகு, "நீங்க எழுதித் தருவீங்களா?" என்றார். அவள் அங்கேயே, மாணவர்கள் உட்காரும் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து அந்த இரண்டு பேருக்கும் மறுதேர்வு வைத்தார்கள். ஒருத்தி வந்து எழுதித் தேறினாள். இன்னொருவன் அதற்குள் படிப்பை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான், கடிதம் திரும்பி வந்தது. அவன் வேறு பாடங்களிலும் தேறவில்லை, இதனால் மட்டும் போகவில்லை என்றார் ஆசிரியை. ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று அவள் கேட்கவில்லை.

கழுவும் அறை கூடத்துக்கு எதிரே இருந்தது. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. குடுவைகளைத் தேய்த்துக்கொண்டே அவள் அதன் வழியே நெட்டையைப் பார்ப்பாள். அவன் போகவில்லை. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். தாளில் சுற்றியிருந்ததுதான் ஏழாவது, சந்தேகமே இல்லை. ஆனால் அதை வளர்த்துப் புரதம் எடுத்தபோது பழைய கதைதான். அடியில் கட்டி, மேலே தண்ணீர். அன்று அவன் சுவரில் சாய்ந்து நின்றதை அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே போய் என்ன சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது.

அவன் வளர்க்கும் சூட்டைக் குறைத்தான். முப்பத்தேழு டிகிரியிலிருந்து இருபத்தைந்து, பிறகு பதினாறு. குளிரில் பாக்டீரியா சோம்பலாக வேலை செய்யும். நிதானமாகச் செய்தால் புரதம் சரியாக மடிய நேரம் கிடைக்கும். முதல் ஆறு வடிவங்களுக்கும் இதைச் செய்து பார்த்துத் தோற்றவன்தான். இருந்தாலும் செய்தான். இந்த நாட்களில் அவன் அவளிடம் பேசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவான், பெரியவர்களுக்கு விடுவதுபோல. அந்த மரியாதை அவளை அறுத்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கழுவும் அறைக் கதவு திறந்தது. நெட்டை நின்றிருந்தான்.

"அக்கா, வாங்க. பாருங்க."

கையுறையைக் கழற்றிவிட்டுப் போனாள். இருட்டறையில் துறைத்தலைவி முன்பே நின்றிருந்தார். நெட்டை ஊதா விளக்கைப் போட்டான். இரண்டு வரிசைக் குழாய்கள். மேல்வரிசை சாதாரணப் பச்சை, ஐந்தாவதில் மங்கி ஆறாவதில் அணைந்திருந்தது. கீழ்வரிசை வெளிறிய பச்சை, முதல் குழாயிலேயே அப்படியொன்றும் பிரகாசமில்லை. நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஆறாவதிலும் அதே வெளிறிய பச்சை. ஏழாவதிலும், எட்டாவதிலும்.

"பத்துல எட்டு பங்கு இன்னும் கட்டிதான்," என்றான். "ரெண்டு பங்கு கரையுது. அது போதும்."

"கணக்கு சரி," என்றார் துறைத்தலைவி. அவன் பக்கம் திரும்பி, "நான் சொன்னதுதான் தப்பு. கூட்டத்துலயே சொல்லிடறேன்," என்றுவிட்டு வெளியே போனார்.

அவளுக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. இது அந்த வெள்ளிக்கிழமையே தொடங்கியிருக்கக் கூடியது. டைல்ஸ் கடைக்காரர் கோபித்துக்கொண்டு போன் பேசாமல் இருந்திருக்க வேண்டாம். எங்கோ போய்விட்ட அந்த மாணவன் ஒருவேளை தேறியிருப்பான்.

"உங்க மாமா பேசறாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. அக்கா பேசறா. அவர் இல்லாதப்போ."

"நான் வேணும்னா அவர்கிட்ட போய்ச் சொல்லட்டுமா? எல்லாம் என்னாலதான்னு."

அவன் யோசித்தான். "இப்போ வேண்டாம். அவருக்கு இதெல்லாம் புரியாது, நான்தான் ஆளை வச்சு சாக்கு சொல்றேன்னு நினைப்பார்." விளக்கை அணைத்தான். அணைந்த இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது. "அக்கா, உண்மையைச் சொல்றேன். எனக்கு இன்னும் கோவம் இருக்கு. காலையில எழுந்தா முதல்ல அதான் வருது. எப்போ போகும்னு தெரியல."

"இருக்கட்டும்," என்றாள் அவள். "போகணும்னு நான் கேக்க மாட்டேன்."

கதவைத் திறந்தான். வராந்தா வெளிச்சத்தில் இருவருக்கும் கண் கூசியது.

"இருபது லிட்டர் வளர்த்தாத்தான் தேவையான அளவு கிடைக்கும். பெரிய குடுவை பத்து வேணும். ஒரு பொட்டு சோப்புகூட ஒட்டியிருக்கக் கூடாது."

"எப்போ வேணும்?"

"வெள்ளிக்கிழமை."

"வியாழக்கிழமையே தந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கழுவும் அறைக்குத் திரும்பி, குழாயைத் திறந்துவிட்டாள்.